சின்னராசா குடும்பத்துப் படம்

தொழிற்சாலைப் படியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்ட ஜெயகாந்தனை, இலங்கை மலையகத்து வட்டவளையில் இருந்த தங்கை நாகலெட்சுமியின் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மனைவி இறந்த பிறகு அவர் தனி ஆள். மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, உள்ளறைக் கட்டிலில் மடிக்கணினியில் கிரிக்கெட் பார்ப்பதும் மழையைத் திட்டுவதுமாக இரண்டு வாரம் போனது.

நாகலெட்சுமி தோட்டப் பாடசாலையில் கணினிப் பாடம் எடுப்பவள். விடுமுறை நாளொன்றில் அவளுடைய முகநூலுக்கு ஒரு செய்தி வந்தது. கூடலூரிலிருந்து வினோதா என்ற பெண் எழுதியிருந்தாள்.

“எங்க அம்மா பேரு ராக்காயி. அக்கரப்பத்தனையில ஒங்க லயத்துல பக்கத்து வீடு. எண்பத்திரெண்டுல இந்தியா வந்துட்டாங்க. தாத்தா சின்னராசாவோட படம் ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல. மண்சரிவுல பெட்டியோட போயிருச்சு. ஒங்ககிட்ட ஏதாவது இருக்குமா?”

தோட்டத் தொழிலாளரை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் அவர்கள் போனபோது நாகலெட்சுமிக்கு எட்டு வயது. சின்னராசாவின் முகம் நினைவில் இல்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. அதற்கு மேலாக இரவில் வரும் அவருடைய இருமல் மட்டும் நினைவிருந்தது. ராக்காயியின் அம்மா சுடும் ரொட்டியின் வாசமும் அந்த வழியாகத்தான் வரும். “லெச்சுமிக்கு ஒண்ணு குடு” என்று குரல் கேட்டதும் இவள் ஓடுவாள். பதினாறு வயதாயிருந்த அண்ணனுக்கு எல்லாம் தெரியும்.

அம்மாவின் டிரங்குப் பெட்டியில் அறுபது எழுபது படங்கள் இருந்தன. பின்னால் பெயர் எழுதும் வழக்கம் அம்மாவுக்கு இல்லை. தொலைபேசியில் எடுத்துப் பார்த்தாள். வெளிச்சம் பட்டு முகமெல்லாம் வெள்ளையாகப் போனது. முன்னறையில் பழைய கணினியோடு ஒரு ஸ்கேனர் இருந்தது. புது மடிக்கணினிக்கு அது ஒத்துவராது. அதனால் முன்னறையில் ஸ்கேன் செய்து, பென் டிரைவில் ஏற்றி, உள்ளறைக்குக் கொண்டுபோய்க் காட்டினாள்.

“இது யாருன்னு தெரியலயே. கொஞ்சம் பெருசா எடு” என்பார் ஜெயகாந்தன். திரும்பி வருவாள். “தூசி இருக்கு புள்ள, தொடச்சிட்டு எடு” என்பார். மறுபடி வருவாள். பத்தாவது நடையில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

“இருங்க, இந்த ஸ்கேனர ஒங்க கம்பியூட்டர்லயே வர வைக்கிறேன். நான் படத்த வைக்கிறேன், நீங்க ஒங்க இஷ்டத்துக்கு எடுத்துக்கங்க.”

பழைய கணினியில் ஒரு சிறு மென்பொருளைப் போட்டாள். ஒரு கணினியில் பூட்டிய ஸ்கேனரை வீட்டிலுள்ள மற்றக் கணினிகளுக்கும் திறந்துவிடும் வேலை அதற்கு. அதன் மறுபாதியை மடிக்கணினியில் போட்டாள். ஆனால் மடிக்கணினி ஸ்கேனரைக் காணவே இல்லை. கேபிளைக் கழற்றி மாட்டினாள், இரண்டையும் அணைத்துப் போட்டாள், பாதுகாப்புத் தடையைத் தளர்த்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் இரண்டின் நெட்வொர்க் முகவரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாள். இரண்டும் வேறு வேறாக இருந்தன.

“அண்ணே, நீங்க யாரு வைபைல இருக்கீங்க?”

“என் போன்லதான். மேட்ச் பாத்தா ஒங்க வைபை திக்கித் திக்கி நிக்குது.”

“அட கடவுளே! ரெண்டும் ஒரே வைபைல இருந்தாத்தானே ஒண்ண ஒண்ணு பாக்கும்!”

வீட்டு வைபைக்கு மாற்றியதும் மடிக்கணினியின் பட்டியலில் ஸ்கேனரின் பெயர் வந்தது. ஜெயகாந்தன் பொத்தானைத் தட்டினார். முன்னறையில் யாரும் தொடாமலே ஸ்கேனர் உறுமி, மூடியின் ஓரத்தில் வெளிச்சம் நகர்ந்தது. அவர் சிறுபிள்ளைபோலச் சிரித்தது முன்னறைக்குத் திரும்பியிருந்த நாகலெட்சுமிக்குக் கேட்டது.

அதன் பிறகு வேலை ஓடியது. இவள் படத்தை வைத்து “ம்” என்பாள். வெளிச்சம் ஓடும். உள்ளிருந்து பெயர் வரும். “இது அழகம்மா பெரியம்மா. மழையில செருப்பே போட மாட்டாங்க.” “இது காமன் கூத்துக்கு வேசம் கட்டுன அன்னைக்கு. நடுவுல நிக்கிறது நம்ம அப்பா.” அப்பா இறந்தபோது நாகலெட்சுமிக்கு இரண்டு வயது. அவள் எழுந்துபோய் அண்ணனின் திரையில் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தாள்.

பெட்டியின் அடியில் ஒரு ஸ்டூடியோப் படம் கிடைத்தது. நாற்காலியில் கணவனும் மனைவியும். சுற்றிலும் நான்கு பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால், மீசை அரும்பிய ஒரு பையன். அதை வைத்து “ம்” என்றாள்.

வெளிச்சம் ஓடியது. பெயர் வரவில்லை. சற்றுப் பொறுத்து மறுபடியும் ஓடியது. பிறகு மிக மெதுவாக, ஆகப் பெரிய அளவில், இன்னொரு தடவை. நாகலெட்சுமி மூடியைத் திறக்காமல் காத்திருந்தாள்.

“சின்னராசா சித்தப்பா குடும்பம்” என்றார் ஜெயகாந்தன் கடைசியில். “போறதுக்கு மொத வாரம் தலவாக்கலையில எடுத்தது. குடும்பம் மட்டும் நில்லுங்கன்னு ஸ்டூடியோக்காரன் சொன்னான். ‘இவனும் எங்க வீட்டுப் புள்ளதான்’னு சித்தப்பா என்னைய இழுத்து நிறுத்துனாரு.”

அவள் உள்ளறை வாசலுக்குப் போய் நின்றாள். திரை நிறையச் சின்னராசாவின் முகம் இருந்தது.

“அப்பா போன பெறகு எனக்கு எல்லாம் அவருதான். ஆனா அவங்க போன அன்னைக்கு நான் ரயில் ஸ்டேசனுக்குப் போகல லெச்சுமி. வழியனுப்ப லயமே தெரண்டு போச்சு. எல்லாரும் கட்டிப் பிடிச்சு அழுதாங்களாம். அங்க போனா அழுதுருவேன்னு பயந்து, ஸ்டேசனுக்கு மேல தேயிலைக்குள்ள ஒளிஞ்சு நின்னேன்.”

நாற்பது வருடத்தில் அவர் அதைச் சொல்லி அவள் கேட்டதில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். படத்தை அவரே வினோதாவுக்கு அனுப்பினார்.

மறுநாள் காலை ஒரு குரல் பதிவு வந்தது. ஐம்பதைத் தாண்டிய பெண் குரல்.

“காந்தாண்ணே, நான் ராக்காயி பேசுறேன். அப்பா மொகமே எனக்கு மறந்து போச்சுண்ணே. பதினஞ்சு வருசம் முந்தி செத்துட்டாரு. இப்பதான் திரும்பப் பாக்குறேன்.” சிறிது நேரம் அழுகை மட்டும் கேட்டது. “ஸ்டேசன்ல ஒங்களத்தான் தேடுனாரு. கோச்சி பொறப்பட்ட பெறகும் கதவுகிட்டேயே நின்னாரு. வராம இருந்ததுக்குக் கோவிக்கல. ‘அவன் வந்திருந்தா நான் ஏறியிருக்க மாட்டேன்’னு அம்மாகிட்ட சொன்னாரு.”

ஜெயகாந்தன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாகலெட்சுமி தேத்தண்ணி வைத்துக் கொண்டுவந்தாள். அது ஆறிப்போன பிறகே எழுந்து உட்கார்ந்து தொலைபேசியைக் கேட்டு வாங்கினார். இரண்டு தடவை பேசி அழித்தார். மூன்றாம் தடவை நிறுத்தாமல் பேசினார்.

“ராக்காயி, நான் மேலேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மூணாவது பொட்டிக் கதவுல ஒரு வெள்ளச் சட்ட தெரிஞ்சிச்சு. சித்தப்பான்னு தெரியும். கோச்சி வளைவுல திரும்புற வரைக்கும் நின்னேன். கால் சரியானதும் கூடலூருக்கு வர்றேன். அவரப் பொதைச்ச எடத்தக் காட்டு.”

கட்டைப் பிரித்த அடுத்த மாதமே ஜெயகாந்தன் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தார்.