கேட்டு வராத கோட்டு

பதினைந்து வயதில் ஏணிக்கு ஒரே ஒரு சிநேகிதர்தான். அவரும் செத்துப்போன ஆள்.

ஏணி என்பது தெரு வைத்த பெயர். கையும் காலும் அவசரப்பட்டு வளர்ந்துவிட்டன. நாக்கு மட்டும் பின்தங்கிவிட்டது. நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் முதல் எழுத்திலேயே நின்றுவிடும். அதனால்தான் அப்பாவின் சலவைக்கடையில் பின்னறை வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். துணிகள் எதுவும் கேட்காது, பாருங்கள்.

ஒரு கோட்டு மட்டும் கேட்டது. பள்ளி விட்டு வந்த ஒரு நாள், செத்துப்போன ஒருவர் விட்டுப்போன சாம்பல் நிறக் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பி, பையில இருக்கிற அந்துருண்டையை எடுத்துப் போடேன். உசுரு போகுது."

உசுருதான் ஏற்கெனவே போய்விட்டதே என்று ஏணி திருப்பிக் கேட்டான். திக்காமல் கேட்டான்! பயப்பட வேண்டியவன், அதை நினைத்தே அசந்துபோனான்.

கோட்டைச் சலவைக்குப் போட்ட மறுநாளே மனிதர் போய்ச் சேர்ந்திருக்கிறார். எடுக்க நாதியில்லை. யாராவது ஒருத்தர் வந்து உரிமை சொல்லிக் கேட்டால் போதும், நிம்மதியாகக் கிளம்பிவிடுவேன் என்பார். ஏணி அவரை அண்ணே என்றான். எந்தச் சட்டைக்காரர் எதைக் கொட்டிக்கொண்டார் என்று இருவரும் ஆராய்ச்சி செய்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அடடா, அப்படிச் சிரித்த நாட்கள் பிறகு வரவே இல்லை.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். ஓராண்டாக யாரும் கேட்டு வராத துணியை இயந்திரம் துடைக்க வெட்டிவிடுவார்கள். வெட்டும் முன் அப்பா அதைத் தூக்கிப் பிடித்து, கடையில் இருப்பவர்களிடம் மூன்று முறை கேட்பார். அவருடைய நியாயம் அது.

அந்தச் சனிக்கிழமை கடை நிறையக் கூட்டம். எதிர்க்கடை ரொட்டிக்காரர் மகள் வேறு நின்றாள். குவியலின் அடியில் ஏணி ஒளித்திருந்த கோட்டை அப்பா உருவி எடுத்துவிட்டார்.

"இது யாரோடது?"

ஏணி வாயைத் திறந்தால் அண்ணன் போய்விடுவார். திறக்காவிட்டால் துண்டு துண்டாகிவிடுவார். அப்பா இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்டுவிட்டுக் கத்தரியை விரித்தார்.

"எங்கண்ணனோடது. நான் எடுத்துட்டுப் போறேன்."

கடையே திரும்பிப் பார்த்தது. ஒரு இடத்திலும் திக்கவில்லை. தனக்கு ஒரே பிள்ளைதான் என்பதே மறந்துபோய் அப்பா கத்தரியைக் கீழே வைத்தார்.

கைக்கு வந்த கோட்டு ஒரு தரம் குலுங்கியது.

"வர்றேன்டா, தம்பி."

அவ்வளவுதான். வெறும் துணியாகிவிட்டது. பின்னறைக்குப் போய் ஏணி விம்மி விம்மி அழுதான்.

முப்பது ஆண்டாகிறது. இன்று கடை அவனுடையது. நாள் முழுக்க வாடிக்கையாளர்களோடு வாய் ஓயாமல் பேசுகிறான். கோட்டு அதே ஆணியில் தொங்குகிறது. பூச்சி அரித்து ஏழெட்டு ஓட்டை விழுந்துவிட்டது. இருந்தும் அதன் பையில் அந்துருண்டை மட்டும் போடுவதில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தானே போனார்.