களையே இல்லாத புல்

அம்மா உரக்குவியலைக் கிளறும்போது நானும் அப்பாவும் பக்கத்தில் போகமாட்டோம். நான்கு பல் உள்ள இரும்புக் கவையை இரண்டு கையாலும் ஓங்கிக் குவியலின் வயிற்றில் இறக்குவாள். காலால் மிதித்து, ஒரு திருகு திருகி, உள்ளே கிடப்பதை வெளியே இழுத்துப் போடுவாள். ஆவி பறக்கும். காய்ந்த இலை, காய்கறித் தோல், முட்டை ஓடு, கடையிலிருந்து கூடை கூடையாக வரும் கோழி இறகு, எல்லாம் வெந்து கறுத்துக்கொண்டிருக்கும். "சூடு இருக்கான்னு கையை விட்டுப் பாருடி" என்பாள். குவியலுக்குத் தண்ணீர் தெளிப்பது என் வேலை. குவியல் சுடவில்லை என்றால் என் முதுகு சுடும்.

அம்மாவுக்குச் சந்தையில் கோழிக்கடை. முதுகுக்குப் பின்னால் அவளை வெட்டுக்கிளி என்பார்கள். ஒரே ஒரு முட்டை வியாபாரி முகத்துக்கு நேரே சொன்னான். பிறகு தன் முட்டைகளைத் தரையிலிருந்து வழித்துக்கொண்டு போனான்.

அப்பா மெத்தை தைப்பவர். ஊருக்கெல்லாம் அவர் பஞ்சு. அவருக்கு இடது காது கேட்காது. அம்மா வீசிய தராசுக்கல் பட்ட காது அது. எங்கள் வீட்டில் அடித்தவர் சமாதானத்துக்கு வருவதில்லை. அடி வாங்கியவர்தான் கையில் ஏதாவது பரிசோடு வர வேண்டும். காது போனதற்கு அப்பா கொண்டுவந்த பரிசுதான் அந்தக் குதிரைச் சாணி.

குதிரை லாயம் வைத்திருந்தவருக்கு அப்பா ஒரு மெத்தை தைத்துக் கொடுத்திருந்தார். சாணி அள்ள என்னையும் தள்ளுவண்டியோடு கூட்டிப்போனார். லாயக்காரர் வாசலில் நின்று பெருமை பேசினார்.

"எவ்வளவு வேணும்னாலும் அள்ளிக்கோ பஞ்சு. என் குதிரை தின்னுற புல்லை நீ எங்கயும் பாத்திருக்க மாட்ட. வயல்ல தேடினாலும் ஒரு களை கிடைக்காது. சீவி விட்ட தலை மாதிரி புல்லு மட்டும்தான் நிக்கும்."

"களை விதையே இல்லாத சாணியா! வீட்டுக்காரி சந்தோஷப்படுவா" என்றார் அப்பா.

அம்மா சந்தோஷப்படத்தான் செய்தாள். சாணியை மோந்து பார்த்துவிட்டு அப்பாவின் தலையைத் தட்டிக்கொடுக்கக் கை நீட்டினாள். அப்பா அடிதான் என்று நினைத்துக் குனிந்துகொண்டார்.

அந்தச் சாணியைக் குவியலில் அடுக்கடுக்காகப் போட்டு, கிளறிக் கிளறி, சூடு தணிந்து மண்வாசனை வரும்வரை அம்மா காத்திருந்தாள். பிறகு தக்காளி நட்டாள். அவளைப் போல் தக்காளி நட யாராலும் முடியாது. குழிக்கு ஒரு கூடை உரம். நாற்றின் கீழ் இலைகளைப் பிய்த்துவிட்டு, கழுத்துவரை மண்ணில் புதைப்பாள். புதைத்த தண்டெல்லாம் வேர் விடும். அப்பாவின் மெத்தைத் துணியில் கிழித்த ஓரப்பட்டைகளால் கம்போடு கட்டுவாள். கிளையிடுக்கில் கொழுந்து தலைகாட்டினால் கட்டைவிரல் நகத்தால் ஒரே கிள்ளு. கோழியின் கழுத்தைத் திருகும் அதே விரல்கள். ஆனால் செடியிடம் மட்டும் பேசுவாள். "உனக்கு இது வேணாம்டா கண்ணு, தண்டமாத் தின்னுட்டு நிக்கும்" என்பாள். என்னை அவள் ஒருநாளும் கண்ணு என்றதில்லை. அவளுக்கு நான் ஊமைக்கோட்டான். பள்ளிக்கூடத்திலிருந்து நின்ற பிறகு வீட்டிலும் நான் அதிகம் வாய் திறப்பதில்லை.

எங்கள் தோட்டத்துக்கும் சித்தியின் தோட்டத்துக்கும் நடுவே ஒரு கம்பிவலைதான் இருந்தது. சித்தி அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. சித்தப்பா லாரி ஓட்டப் போய்விடுவதால் வீட்டில் பெரும்பாலும் தனியாகத்தான் இருப்பாள். போன வருஷம் தன் பக்கத்துப் புல்பூண்டைக் கொல்ல அவள் வலையோரமாகக் களைக்கொல்லி அடித்தாள். காற்று எங்கள் பக்கம் வீசி, தக்காளிச் செடிகள் செத்தன. அம்மா வலையைத் தாண்டிப் போய்த் தண்ணீர் வாளியால் அடித்ததில் சித்திக்கு முன்பல் போனது. அதிலிருந்து சித்தி பேசினால் நடுநடுவே விசில் வரும்.

"இன்னொரு வாட்டி என் செடியில கை வெச்சேன்னா பல்லோட விடமாட்டேன். உசுரு போகும்" என்று அம்மா தெருவே கேட்கச் சொல்லியிருந்தாள். அம்மா சொல்வதைச் செய்பவள்.

இந்த வருஷம் செடிகள் இடுப்பளவு வந்தபோது கொழுந்துகள் சுருண்டன. புது இலைகள் விரியாமல் நூல்போலக் குறுகி, மூடிய கைமுட்டி மாதிரி உள்ளே மடங்கின. தண்டு கயிறாக முறுக்கிக்கொண்டது. அம்மா ஒவ்வொரு செடியாகத் தொட்டுக்கொண்டே போனாள். கடைசிச் செடியில் நின்று வலைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

"பல்லு போயும் புத்தி வரல" என்றாள். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அவள் கை கழுவப் போன நேரத்தில் நான் செடிகளைப் பார்த்தேன். குளியலறைப் பக்கம், சித்தி வீட்டிலிருந்து மிகத் தள்ளி, சுவர் மறைவில் அம்மா ஒரு வாளியில் அதே உரம் போட்டு நட்ட செடியும் சுருண்டிருந்தது. ஆனால் வலையோரம், சித்தியின் பக்கம் தலை நீட்டிக்கொண்டு, ஒரு செடி தானாக முளைத்திருந்தது. யாரோ துப்பிய விதை. அதற்கு அம்மா குழி வெட்டவில்லை, உரம் போடவில்லை. அது விரித்த கையாக, பச்சைப்பசேலென்று நின்றது.

சித்தி மருந்து அடித்திருந்தால் முதலில் செத்திருக்க வேண்டியது அதுதான். லாயக்காரர் சொன்னது அப்போது எனக்குக் காதில் கேட்டது. ஒரு களைகூட இல்லாத வயல் தானாக எப்படி வரும்? புல்லை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கொல்லும் மருந்து அடித்தால் வரும். அது புல்லில் தங்கி, குதிரை வயிற்றைக் கடந்து, எங்கள் குவியலின் சூட்டிலும் சாகாமல், கூடை கூடையாகக் குழிக்குள் போயிருந்தது.

சொன்னால் சித்தி தப்பிப்பாள். சாணி கொண்டுவந்தது யார் என்ற கேள்விக்கு அப்பா மாட்டுவார். அவருக்கு இன்னும் ஒரு காதுதான் மிச்சம். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் அம்மா கவையை எடுத்துக்கொண்டு வலையை மிதித்துச் சாய்த்துவிட்டாள்.

"வெளிய வாடி!"

சித்தி பின்வாசலில் வந்து நின்றாள். "என்னக்கா, காலங்காத்தால கவையும் கையுமா? குப்பை என் வீட்டுலயா இருக்கு?"

"மருந்து அடிச்சியா?"

"ஆமா, தலைவலிக்குப் போட்டுக்கிட்டேன். உன் கை பட்டாக் கோழியே தாங்கல, தக்காளி எப்படிக்கா தாங்கும்?"

அம்மா கவையின் கட்டையால் அவள் தோளில் ஒன்று போட்டாள். சித்தியும் அதே வயிற்றில் பிறந்தவள்தான். உள்ளே ஓடி அடுப்பில் இருந்த வெந்நீர்ப் பாத்திரத்தோடு வந்து அப்படியே வீசினாள். அம்மாவின் முழங்கைக்குக் கீழே தோல் சிவந்து பொங்கியது. அம்மா கத்தவில்லை. கோழியின் சிறகைப் பிடிப்பதுபோல் சித்தியின் முடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்து, படியிலிருந்து இழுத்து மண்ணில் போட்டாள். சித்தி கடித்தாள், உதைத்தாள், மண்ணை வாரி முகத்தில் எறிந்தாள். அம்மா கவையை இறக்கினாள்.

கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சித்தியின் கழுத்து நடு இரண்டு பற்களுக்கு இடையில் இருந்தது. பற்கள் மண்ணில் பாதிவரைதான் இறங்கியிருந்தன. ஒரு பல் கழுத்தோரத்தைக் கிழித்து ரத்தம் வழிந்தது. அம்மாவின் பாதம் கவையின் மேல் இருந்தது. குவியலைக் கிளறுவதற்கு முன் அப்படித்தான் வைப்பாள்.

"உண்மையைச் சொல்லு. மிதிச்சேன்னா தலை தனியா வந்துடும்."

"அடிக்கலக்கா... சத்தியமா அடிக்கல..." விசில் வந்தது.

நான் ஓடிப்போய் அந்தச் செடியை இரண்டு கையாலும் பிடுங்கினேன். வேரில் மண் தொங்க அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது ஏம்மா சாகல?"

அம்மா பார்த்தாள்.

"இதுதானே சித்தி பக்கத்துல நின்னுச்சு. இது ஏம்மா சாகல?"

அம்மாவுக்கு மற்ற எதையும் விளக்க வேண்டியதில்லை. இலையைப் பார்த்தாள், வேரைப் பார்த்தாள், திரும்பி எங்கள் வரிசையைப் பார்த்தாள். "இதுக்கு நான் உரம் போடல" என்று மெதுவாகச் சொன்னாள். கவையை மண்ணிலிருந்து பிடுங்கினாள். சித்தி உருண்டு விலகினாள்.

அப்பா எங்கள் பக்கத்துப் படியில் மெத்தை ஊசியும் நூலுமாக நின்றிருந்தார். ஓடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை.

"அந்தச் சாணிதான்" என்றார். "களையே இல்லாத புல்லுன்னான். நான் அதை நல்லதுன்னு நெனச்சுட்டேன்."

"நெனச்சியா? உன்னை நெனைக்கச் சொன்னது யாரு?"

அம்மா சாய்ந்த வலையின் மேல் நடந்து போனாள். கவையைத் திருப்பிப் பிடித்து, கட்டைப் பக்கத்தை ஓங்கினாள். அப்பாவின் வலது காதுக்குத்தான் குறி. அவர் வழக்கம்போலக் குனிந்தார். நான் நடுவில் போய்க் கையைத் தூக்கினேன்.

கோழியின் சிறகை மூட்டுக்கு எதிராக மடக்கும்போது ஒரு சத்தம் வரும். அது என் கையிலிருந்து வந்தது.

எங்கள் எல்லோரையும்விட அம்மாவுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். கவை அந்தரத்தில் நின்றது. அவள் கண் நேராக எலும்பு உடைந்த இடத்துக்குப் போனது. அப்பா நிமிர்ந்து அவள் கையிலிருந்து கவையை வாங்கினார். அவ்வளவு எளிதாக வாங்க முடியும் என்று எங்களில் யாருக்கும் அதுவரை தெரியாது.

சித்தி கழுத்தைப் பொத்திக்கொண்டு எழுந்து வந்தாள். "நீ மனுஷியாக்கா?" என்றாள். அந்த விசிலுக்கு எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். அன்று வரவில்லை.

சுருண்ட செடிகளிலிருந்து மெத்தைப் பட்டைகளை அவிழ்த்து, அப்பா என் கையை ஒரு கம்போடு கட்டினார். என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வலையைக் கடந்து சித்தி வீட்டுக்குள் போனார். அங்கிருந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். திரும்பி வந்ததும் அங்கேதான். அப்பா வலையை நிமிர்த்திக் கட்டினார், முன்பைவிட உயரமாக.

நான் பிடுங்கிய செடியை அவர் சித்தியின் பக்கத்தில் கழுத்துவரை புதைத்து வைத்திருந்தார். வாடித் தொங்கியது. பிறகு பிடித்துக்கொண்டது. வலைக்கு அந்தப் பக்கம் அம்மாவின் பாத்திகளில் புல் மட்டும் முளைத்தது, சீவி விட்ட தலை மாதிரி.

அம்மா தினமும் கடைக்குப் போகுமுன் வலையோரம் வந்து நிற்பாள். ஒருநாள் கம்பி வழியே கையை விட்டுக் கிளையிடுக்கில் கொழுந்தைக் கிள்ளப் பார்த்தாள். சித்தி துடைப்பக்கட்டையால் அந்தக் கையில் ஓங்கி ஒன்று வைத்தாள், வெந்நீர்த் தழும்பின் மேலேயே. அம்மா கையை இழுத்துக்கொண்டாள். திருப்பி அடிக்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"கொழுந்தைக் கிள்ளலைன்னா காய் சிறுத்துடும் கண்ணு" என்றாள்.

அப்பா ஊசியை நிறுத்திவிட்டு, கேட்கிற காதை எங்கள் பக்கம் திருப்பினார்.

"சிறுக்கட்டும்" என்றேன்.