தனியாகத் தூக்கக் கூடாது

செவ்வாய்க்கிழமை காலை ஆபிதா டிஸ்பென்சரிப் பூட்டைத் திறக்க வந்தபோது, வாசல் பெஞ்சில் வானமாமலை உட்காரவைக்கப்பட்டிருந்தார். உட்கார்ந்திருந்தார் என்று சொன்னால் பொய்யாகிவிடும். மாட்டுங்கா லேபர் கேம்பில் அவர் வீட்டு வாசலுக்கே கம்பெனி வேன் போய், டிரைவரும் கிளீனரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி ஏற்றி, செம்பூருக்குக் கொண்டுவந்து, வருகை அட்டையை அவர் கையாலேயே கடிகாரத்தில் குத்தவைத்து, பெஞ்சில் சாய்த்துவிட்டு, தாணேக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சனிக்கிழமை அவருடைய இடது பாதத்தில் இரும்புத் தகட்டுக் கட்டு விழுந்து மூன்று விரல்கள் நசுங்கின. ஆபிதாதான் கழுவிக் கட்டுப்போட்டாள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும் சொன்னாள். ஆகட்டும் என்றார்கள். அந்தப் பீப்பாய்த் தொழிற்சாலையில் ஆகட்டும் என்று சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது என்று மூன்று வாரத்துப் புது நர்ஸுக்கு அப்போது தெரியாது.

பெஞ்சின் விஷயத்தை அவளுக்கு விளக்கியவள் அங்கே பெருக்குகிற பூமாரி. முந்தைய நாள் வானமாமலை அதே இடத்தில் சாய்ந்திருப்பதைப் பார்த்து, இவரை ஏன் இங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஆபிதா கேட்டதற்கு, விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு அவள் சிரித்தாள்.

"நோயாளி உக்காருத பெஞ்சுன்னு நெனச்சியளாக்கும். இதுல உக்காந்தா வேலைக்கு வந்ததா அர்த்தம், சிஸ்டரம்மா. போன மாசம் கை வெந்தவன் ஒம்பது நாளு உக்காந்தான்."

அடிபட்ட ஆள் இரண்டு நாளுக்கு மேல் வேலைக்கு வராவிட்டால் அரசாங்க இன்ஸ்பெக்டருக்கு எழுதியாக வேண்டும் என்பது சட்டம். வந்து அட்டை குத்திவிட்டால் அவன் வந்தவன். வந்தவனுக்கு ஏது விபத்து? கேட்டுக்கு வெளியே ஒரு கறுப்புப் பலகை தொங்கியது. 'விபத்தில்லாத நாட்கள்' என்று இந்தியிலும் மராத்தியிலும் வெள்ளைப் பெயின்டால் எழுதி, கீழே வாட்ச்மேன் தினமும் காலையில் சாக்பீஸால் எண்ணை மாற்றுவான். அன்று இருநூற்றுப் பதினொன்று. இருநூற்றைம்பது ஆனால் கம்பெனிக்குக் கேடயம் கிடைக்கும். ஆபிதா வேலைக்குச் சேர்ந்த நாளில் அந்தப் பலகையைப் பார்த்து, நல்ல இடமாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறோம் என்று சந்தோஷப்பட்டிருந்தாள். இப்போது அதை நினைத்தால் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

அவள் டிஸ்பென்சரி நாற்காலிக்கு வந்து சேர்ந்த கதை சுருக்கமானதல்ல. தாராவி தோல் கிடங்கில் உப்புத் தடவும் உதுமானின் மகள் நர்ஸுக்குப் படிக்கப் போகிறாள் என்றதும், அந்நிய ஆம்பளை உடம்பைத் தொடுகிற வேலையா என்று தெருவே வாயைத் திறந்தது. வாப்பா அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நர்ஸுகள் விடுதி வரைக்கும் நடந்தார். மூன்று வருடம் படித்து, நர்ஸிங் கவுன்சில் பரீட்சை எழுதி, செய்முறைத் தேர்வில் ஆபிதா தோற்றுப்போனாள். கட்டிலில் சரிந்து கிடந்த ஒரு கிழவரை மேலே ஏற்றிப் படுக்கவைக்கச் சொன்னார்கள். ஈரத்தோலைத் தோளில் சுமக்கிறவர் பெற்ற பிள்ளை அவள். கிழவரின் கக்கத்தில் கையைக் கொடுத்து ஒரே மூச்சில் ஏற்றிவிட்டு, பாராட்டுக் கிடைக்கும் என்று நிமிர்ந்து நின்றாள். தேர்வாளர் அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நோயாளியைத் தனியாகத் தூக்கக் கூடாது. ஆளைக் கூப்பிடு. வரும்வரை காத்திரு" என்று சொல்லி, தாளில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டுக்காக ஆறு மாதம் காத்திருந்து மறுபடி எழுதித்தான் கவுன்சில் பதிவு எண் வந்தது.

வேலைக்குச் சேர்ந்த வார்டில் நாற்பது கட்டில், ஒரு நர்ஸ். யாரைக் கூப்பிடுவது? இரண்டு வருடம் தனியாகவே தூக்கினாள். ஒருநாள் ஒரு பருத்த அம்மாளைப் புரட்டும்போது இடுப்பில் ஏதோ அறுந்த மாதிரி வலித்து, மூன்று வாரம் பலகையில் மல்லாந்து கிடந்தாள். திரும்பிப் போனபோது, தூக்க முடியாத நர்ஸை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று மேட்ரன் கேட்டார். அதன்பிறகு எட்டு மாத அலைச்சல். பள்ளிக்கூட நர்ஸ் வேலைக்கு மராத்தி கேட்டார்கள். சுகாதாரப் பார்வையாளர் வேலைக்கு இன்னொரு படிப்பு வேண்டுமாம். ஒரு டாக்டர் மருந்து கலக்கவும் தரை துடைக்கவும் சேர்த்தே ஆள் தேடினார். கடைசியில் கிடைத்தது இது. மேஜை, நாற்காலி, மருந்து அலமாரி. கட்டிலே இல்லாத நர்ஸ் வேலை. வெள்ளைச் சேலைக்குள் இடுப்பு வலிக்கான கித்தான் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு முதல் நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது அவள் வானமாமலையின் கட்டைப் பிரித்தாள். பாதி பிரிக்கும்போதே நாற்றம் வந்துவிட்டது. இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. பாதத்திலிருந்து ஒரு சிவப்புக் கோடு முழங்கால் வரைக்கும் ஏறியிருந்தது. காய்ச்சல் நூற்று மூன்று.

"எப்பயிருந்து அண்ணாச்சி குளிருது?"

"நேத்து ராத்திரியிருந்து. ஒண்ணுமில்ல தாயி. நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன். நீங்க எனக்காவப் பேசப் போயி, என் சீட்டக் கிழிச்சிறப் போறாவ."

"கால் போயிரும் அண்ணாச்சி. அதுக்கப்புறம் உசிரும் போகும்."

அவர் பாதத்தை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். வேலை போய்விடும் என்ற பயத்தில் காலைக்கூட விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார். ஆபிதாவுக்கு அவர் மேல் கோபம் வந்தது. பிறகு, நேற்று முழுக்கத் தானும் வாயைத் திறக்காமல் அந்த நாற்காலியில் இருந்ததை நினைத்து, கோபம் திரும்பி அவள் மேலேயே விழுந்தது.

ஆட்களைச் சேர்ப்பதும் நிறுத்துவதும் பார்க்கிற ஆளதிகாரி திருவேங்கடம் பத்து மணிக்கு வந்தார். மாட்டுங்காவில் இரண்டு தலைமுறையாக இருக்கிற குடும்பம். கஞ்சி போட்ட வெள்ளை பேன்ட், பையில் இரண்டு பேனா. நம் தமிழ்ப் பெண் என்று சொல்லி அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். வாசலிலேயே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"சார், இவரை இப்பவே சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்."

"பாருங்கோ சிஸ்டர். இன்னும் முப்பத்தொம்போது நாள். கேடயம் வந்துடட்டும், அப்புறம் யாரை வேணும்னாலும் அனுப்புங்கோ. நானா தடுக்கப்போறேன்?"

"இந்தக் கால் முப்பத்தொம்போது மணி நேரங்கூடத் தாங்காது சார்."

"வியாழக்கிழமை டாக்டர் வரார். அவர் பார்க்கட்டுமே. என்ன வானமாமலை, தேவலையா இருக்கியோன்னோ?"

"இருக்கேன் சார்" என்றார் வானமாமலை. பல் கிட்டிக்கொண்டு வார்த்தை உடைந்து வந்தது.

ஆபிதா மேஜைக்குப் போனாள். ஒரு வெள்ளைத் தாளில் நேரம், காய்ச்சல், பாதத்தின் நிலை எல்லாம் எழுதினாள். ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கேட்டதாகவும், மறுக்கப்பட்டதாகவும் எழுதினாள். கையெழுத்துப் போட்டு, கீழே தன் பதிவு எண்ணை எழுதினாள். அந்த எண்ணை மேட்ரனால் பிடுங்க முடியவில்லை, இவர்களாலும் முடியாது. பேனாவை மூடாமல் தாளோடு திருவேங்கடத்தின் பக்கம் நகர்த்தினாள்.

"மறுத்தவங்க இடத்துல நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க சார்."

அவர் தாளைப் படித்தார். மறுபடியும் படித்தார். கைக்குட்டை மூக்கிலிருந்து நெற்றிக்குப் போனது.

"நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்? மேனேஜர் சொன்னதைச் சொன்னேன், அவ்வளவுதானே."

"அப்படின்னா மேனேஜர்கிட்ட வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா ஸ்ட்ரெச்சரைப் பிடிங்க."

"நாளைக்கு உங்களுக்கு இங்க வேலை இருக்காது, சிஸ்டர். புரிஞ்சுண்டுதான் பேசறேளா?"

"புரியுது சார். இன்னைக்கு இருக்குல்ல."

மூன்று வாரம் பலகையில் கிடந்து தகரக் கூரையைப் பார்த்ததும், எட்டு மாதம் அலைந்ததும் ஒரு நொடியில் அவள் கண்முன் வந்தன. வந்தால் வரட்டும் என்று இருந்தாள். பூமாரி ஒரு வார்த்தை கேட்காமல், சுவரில் ஆணியில் தொங்கிய ஸ்ட்ரெச்சரை இறக்கித் தன் முந்தானையால் தூசியைத் தட்டி, பெஞ்சுக்குப் பக்கத்தில் விரித்தாள். மெஷினை விட்டு ஆட்கள் வரமுடியாது. வந்தால் அரை நாள் கூலி போகும். இருப்பது மூன்று பேர்.

ஆபிதாவின் கைகள் அவளைக் கேட்காமலே வானமாமலையின் கக்கத்துக்குள் போய்விட்டன. பழக்கம் அப்படி. பெல்ட்டுக்கு மேலே முதுகில் ஊசி குத்தின மாதிரி வலித்ததும் நின்றாள். கைகளை வெளியே எடுத்தாள். அவர் உடம்பின் சூடு உள்ளங்கையில் அப்படியே இருந்தது.

"என்னால தூக்க முடியாது சார். தூக்கவும் கூடாது. தலைப் பக்கம் பூமாரி அக்கா. கால் பக்கம் நீங்க."

திருவேங்கடம் தாளைப் பார்த்தார். மூடி இல்லாத பேனாவைப் பார்த்தார். முப்பது வருடமாகக் கையெழுத்துப் போட்டுப் பிழைக்கிறவருக்கு எந்தக் கையெழுத்து எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று தெரியும். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு குனிந்தார்.

"முழங்காலை மடக்குங்க சார், முதுகை வளைக்காதீங்க. நான் மூணு சொன்னதும் ரெண்டு பேரும் சேந்து. ஒண்ணு. ரெண்டு. மூணு."

ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நடந்தபோதுதான் முற்றத்தின் நீளம் எல்லோருக்கும் தெரிந்தது. பிரஸ் ஷெட்டைத் தாண்டும்போது ஒரு மெஷின் நின்றது. பிறகு அடுத்தது. வாசல்களில் முகங்கள் வந்து நின்றன. ஆளதிகாரியின் வெள்ளை பேன்ட்டில் வானமாமலையின் கட்டுத்துணி ஈரம் பட்டு மஞ்சளாக ஊறியது. பூமாரி பின்னால் தலைப் பக்கத்தைப் பிடித்தபடி, அவருடைய கால் வேகத்துக்கு இசைந்து நடந்தாள். "மெள்ள சார், மெள்ள. குலுங்கப்பிடாது" என்றாள். அவர் வேகத்தைக் குறைத்தார்.

கேட்டில் வாட்ச்மேன் பழக்கத்தில் கையை நீட்டினான்.

"கேட் பாஸ்?"

"டாக்ஸி புலாவ்" என்றார் திருவேங்கடம், மூச்சு வாங்க.

அவன் அவருடைய பேன்ட்டைப் பார்த்துவிட்டு, டாக்ஸி கூப்பிடத் தெருவுக்கு ஓடினான். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. வானமாமலை கண்ணை மூடிக்கொண்டார். ஆபிதா தன் கையால் அவர் முகத்துக்கு நிழல் கொடுத்தபடி நிமிர்ந்தபோது, பலகை அவள் தலைக்கு நேரே இருந்தது. இருநூற்றுப் பதினொன்று. காலையில் எழுதிய சாக்பீஸ் இன்னும் பளிச்சென்று இருந்தது.

"பூமாரி அக்கா, உங்க தலைத்துணியால அண்ணாச்சி கண்ணை மறைச்சுவிடட்டுமா" என்று கேட்டு, துணியை எடுத்துப் போர்த்திவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த டிரெஸ்ஸிங் பெட்டியைத் திறந்தாள். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு ஒன்றை எடுத்தாள். புண்ணைத் துடைக்கிற முறையில், நடுவிலிருந்து வெளியே, ஒரு முறை துடைத்த பக்கத்தால் மறுமுறை துடைக்காமல், பஞ்சைத் திருப்பித் திருப்பி, பலகையில் இருந்த எண்ணைத் துடைத்தாள். கைக்கு எட்டும் உயரம்தான். முதுகு வலிக்கவில்லை.

"சிஸ்டர், கை விட்டுப்போறது. கீழே வச்சுடட்டுமா?" என்றார் திருவேங்கடம்.

"நான் சொல்லும்போது சார்."

அவர் பிடித்துக்கொண்டு நின்றார். தெருக்கோடியில் கறுப்பு மஞ்சள் டாக்ஸி ஒன்று திரும்பியது. பலகையில் பெயின்ட் எழுத்து மட்டும் மிச்சம் இருக்க, அதன் கீழே ஸ்பிரிட்டின் ஈரம் விளிம்பிலிருந்து உள்நோக்கிக் காய்ந்துகொண்டிருந்தது.