தலைமுழுகிய வீடு

உயிரோடு இருக்கிற மகளுக்குப் பாண்டிதுரை கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தார். சோழபுரம் பஸ் ஸ்டாப்பில் மூன்று, ரைஸ் மில் சுவரில் இரண்டு, வீரணன் வீட்டுக்கு நேர் எதிரே டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் ஒன்று. ‘எங்கள் மகள் முனீஸ்வரி அகால மரணம் அடைந்தாள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. படத்தை எடுத்துக் கொடுத்தது அவர் பெண்சாதி பரிபூரணம். பெற்றவளே மகளின் சாவுப் போஸ்டருக்குப் படம் பொறுக்கிக் கொடுப்பாளா என்று கேட்டால், கொடுத்தாள். அதுவும் உள்ளுக்குள் நிம்மதிப் பெருமூச்சு விட்டுக்கொண்டு கொடுத்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது. அவள் பிறந்த ஊரான சுந்தரபாண்டியத்தில் பெரியப்பா மகள் ஒருத்தி இப்படித்தான் பிடித்தவனோடு போனாள். பெரியப்பா ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டி, தலைமுழுகி, பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் செய்து முடித்தார். அதோடு சரி, ஒருவரும் அந்தப் பெண்ணைத் தேடிப் போகவில்லை. இன்றைக்கும் அவள் திருப்பூரில் ரெண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். ஆண்களின் மானம் ஒரு தாளை ஒட்டினால் அடங்கிவிடும் என்றால் பத்துத் தாளாகவே ஒட்டிக்கொள்ளட்டுமே என்று பரிபூரணம் நினைத்தாள். மகள் உயிரோடு இருந்தால் போதும் அவளுக்கு.

முனீஸ்வரி போனது வீரணன் மகன் விக்னேஷ்வரனோடு. ரெண்டு வீடும் ஒரே சாதிதான். குறுக்கே நின்றது தென்னந்தோப்பு. பாண்டிதுரையின் அப்பா காலத்தில் வீரணன் அந்தத் தோப்பைக் குத்தகைக்குப் பார்த்தவர். விடச் சொன்னபோது மாட்டேன் என்று கோர்ட்டுக்குப் போய், பதினாறு வருஷம் இழுத்து, பாதித் தோப்பு தன் கையைவிட்டுப் போகாதபடி தீர்ப்பும் வாங்கிவிட்டார். நடுவில் வரப்பில் நடந்த அடிதடியில் பாண்டிதுரையின் தம்பி ஜெயபாண்டிக்கு ஒரு காது கேட்காமல் போனது. நம் மரத்தடியில் கைகட்டி நின்றவன் நம்மைக் கூண்டில் ஏற்றிவிட்டானே என்பதுதான் அந்த வீட்டில் மூன்று வேளையும் பேச்சு. தோற்றதைக்கூடப் பொறுத்திருப்பார்கள், யாரிடம் தோற்றோம் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

விக்னேஷ்வரன் ராஜபாளையத்தில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பியில் காயில் கட்டுகிறவன். பாண்டிதுரை வீட்டில் கிணற்று மோட்டார் புகைந்தால்கூட அவன் கடையை விட்டுவிட்டுச் சங்கரன்கோவில் வரைக்கும் தூக்கிப் போனார்கள். முனீஸ்வரி கல்லூரிக்கு அந்தக் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும். ரெண்டு வருஷம் தாண்டினாள். பிறகு ஒரு நாள் தாண்டாமல் உள்ளே போய்விட்டாள். கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டு ரெண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷனில் போய் நின்றார்கள். பாண்டிதுரை வந்து, எனக்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியேறினார். அவர்கள் கோயம்புத்தூருக்குப் போய் ஒளிந்துகொண்டார்கள்.

காரியத்தன்று பாண்டிதுரை தோப்புக் கிணற்றடியில் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு அழுதார். நடிப்பு இல்லை, தோள் குலுங்கியது. கல்யாணம் ஆகி இருபத்துநாலு வருஷத்தில் அவர் அழுது பரிபூரணம் பார்த்ததில்லை. சாப்பாட்டுப் பந்தியில் பங்காளி ஒருவன், அப்படியே விட்டுவிடப் போகிறாயா என்று குத்தினான். பாண்டிதுரை இலையிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்.

“செத்தவளத் தேடி எவனாச்சும் போவானாய்யா? எங்கிட்டாச்சும் இருந்துட்டுப் போறா.”

அந்த ஒரு சொல்லைப் பரிபூரணம் முந்தானையில் முடிந்துகொண்டாள். மகளின் புது நம்பரைப் போனில் ‘கேஸ் ஏஜென்சி’ என்று பதிந்து வைத்திருந்தாள். கொல்லைப்பக்கம் போய்க் கூப்பிட்டு, நடந்ததை எல்லாம் சொன்னாள். விக்னேஷ்வரனுக்குக் கோயம்புத்தூரில் நிலையான வேலை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவனுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் தன் கடைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்து ஊருக்கே திரும்பி வருவதா என்ற பயத்தில்தான் போகாமல் இருந்தார்கள்.

“அம்மா, நெசமாவே முடிஞ்சிருச்சாம்மா?” என்றாள் முனீஸ்வரி.

“ஒங்கப்பா தண்ணி ஊத்திட்டாருத்தா. எங்கண்ணால பாத்தேன். இனி இந்த வீட்டுல ஒம்பேச்சே கெடையாது. தைரியமா வாங்க.”

மகளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்பதும் அதில் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் மாடியில் ஒற்றை அறை பார்த்துக் குடிவந்தார்கள். மறுவாரம் பரிபூரணம் தயங்கித் தயங்கிப் புருஷனிடம் கேட்டாள், வெள்ளிக்கிழமை ஆண்டாள் கோயிலுக்குப் போய்வரவா என்று. தெருமுனைக் கடைக்குப் போவதற்கே ஆயிரம் கேள்வி கேட்கிற மனுஷன், நாலு வாரம் போய்வா, மனசு ஆறும் என்றார். தானே வண்டியில் கொண்டுவந்து பஸ் ஸ்டாப்பில் இறக்கியும் விட்டார். மகள் போன துக்கம் மனுஷனை இளக்கிவிட்டது என்று அவளுக்குக் கண் கலங்கியது. ராஜபாளையத்தில் பஸ் மாறும்போதும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆட்டோ ஏறும்போதும் அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மாடி அறையில் விக்னேஷ்வரன் அவளை அத்தை என்று கூப்பிட்டான். குப்பையில் போட்டிருந்த டேபிள் ஃபேன் ஒன்றைச் சரிபண்ணி வைத்திருந்தான், அதை அவள் பக்கமாகத் திருப்பிவிட்டுத் தான் ஜன்னலோரம் வேர்வையோடு உட்கார்ந்துகொண்டான். இந்தப் பிள்ளையையா இத்தனை நாள் அடிமைப்பயல் மகன் என்று சொன்னோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. முனீஸ்வரி வற்றல்குழம்பு வைத்திருந்தாள். உப்புக் கூடிப்போயிருந்தது. பரிபூரணம் ரெண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள். அப்படி மூன்று வெள்ளிக்கிழமை போனாள். ஒவ்வொரு தடவையும் வீடு திரும்பியதும் பாண்டிதுரை, கோயிலில் கூட்டமா என்று மட்டும் கேட்பார்.

நாலாவது வெள்ளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்குக் கேஸ் ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. அடுப்படியில் நின்றுதான் எடுத்தாள். மகள் அழவில்லை. குரல் மட்டும் அவளுடையது மாதிரி இல்லை.

“அவர வெட்டிட்டாங்கம்மா. மாடிப்படியில வச்சு வெட்டிட்டாங்க. மூச்சு இல்ல. சித்தப்பா சொல்லிட்டுத்தான் வெட்டுனாரு. ஒங்கம்மா பின்னாலயே வந்தோம்டின்னு எங்கிட்டச் சொன்னாரு.”

அதோடு போனை வைத்துவிட்டாள். பரிபூரணம் அடுப்பை அணைத்தாளா என்றுகூட அவளுக்குத் தெரியாது. முன்னறைக்கு வந்தாள். பாண்டிதுரை அப்போதுதான் டீக்கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. ஏன், என்ன என்று அவர் கேட்கவும் இல்லை.

“அவதான் செத்துட்டான்னு ஊரெல்லாம் ஒட்டுனீகளே,” என்றாள்.

“அவளுக்குத்தான ஒட்டுனேன். அவனுக்கு எங்க ஒட்டுனேன்?”

பிறகு செருப்பை ஓரமாகச் சேர்த்து வைத்துவிட்டு, பிள்ளைக்குப் பாடம் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். ஜெயபாண்டி சாத்தூர் கோர்ட்டில் சரணடைந்துவிடுவான், காது போன கோபத்தில் தானாகச் செய்தேன் என்று ஒப்புக்கொள்வான். தான் காலையிலிருந்து டீக்கடையில் இருந்ததை ஊரே பார்த்திருக்கிறது. இந்த வீட்டுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

“நீ கோயிலுக்குத்தான் போன. வேற எங்கயும் போகல. புரியுதா?”

அவளுக்கு எல்லாம் புரிந்தது. கிணற்றடியில் அழுதது நிசம்தான். மகளை நினைத்து அழுத அந்த மனுஷன்தான், அந்த மகளின் புருஷனுக்கு நாளும் குறித்திருக்கிறார். பெண்சாதி வாயிலிருந்து ஒரு சொல்கூடக் கேட்டு வாங்காமல், அவளை பஸ் ஏற்றிவிட்டே காரியத்தை முடித்துக்கொண்டார். தன்னைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தைரியமா வாங்க என்று கூப்பிட்டவள் அவள்.

கட்டியிருந்த சேலையோடு வெளியே நடந்தாள். ஏட்டி, எங்க போற என்று பின்னாலிருந்து சத்தம் கேட்டது. மகளைப் பார்க்கப் போகிறாள் என்றுதான் பாண்டிதுரை நினைத்திருப்பார். செத்த நேரம் அழுதுவிட்டு வரட்டும் என்று விட்டுவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் பெஞ்சில் முனீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வீரணன், மகனைப் பறிகொடுத்தவர், தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வந்ததைப் பார்த்தும் முனீஸ்வரி அசையவில்லை. பரிபூரணம் அவள் பக்கம் போகாமல் நேரே ஏட்டின் மேஜைக்குப் போனாள். பாண்டிதுரை பெண்சாதி என்றதும் ஏட்டு நிமிர்ந்து பார்த்தார்.

அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். காரியம் செய்தது, நாலு வாரம் போகச் சொன்னது, பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டது, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னது. பாதிப் பேச்சிலேயே முனீஸ்வரி எழுந்து வெளியே போய்விட்டாள். பரிபூரணம் அதைப் பார்த்தாள். பேச்சை நிறுத்தவில்லை.

ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார். “யோசிச்சுப் பாத்துக்கங்கம்மா. இத எழுதுனா ஒங்க வீட்டுக்காரர் உள்ள போவாரு. வீட்டைக் காட்டுனது யாருன்னு கேப்பாக. கோர்ட்டுல, ஒங்க மக முன்னாலயே சொல்லணும்.”

“காட்டுனது நாந்தான். அத மொதல்ல எழுதுங்க,” என்றாள் பரிபூரணம்.