பெல்ட் சக்கரத்தில் வைத்த பொட்டு

எங்கள் குடும்பம் குடியாத்தத்திலிருந்து கோலாருக்கு வந்தது பாறை உடைக்கத்தான். ஆனால் ஊரிகத்தில் தங்கக் கல் இடிக்கும் மில்லில் நீராவி எஞ்சின் வைத்த நாளிலிருந்து அதை ஓட்டியது என் கை. ஆயுத பூஜையன்று அதற்கு முதல் பொட்டு வைக்கும் உரிமையும் எங்கள் வீட்டுக்கே இருந்தது. சிவசமுத்திரத்திலிருந்து கரண்டு வந்து, எஞ்சின் இருந்த இடத்தில் மோட்டார் உட்கார்ந்தது. எஞ்சினோடு நானும் ஓய்ந்தேன். உரிமை ஓயவில்லை. மோட்டாரை ஓட்டுவது என் தம்பி சம்பங்கி. பொட்டு வைப்பது நான்.

அந்த வருஷம் பூஜைக்கு மறுநாள் காலையில் மோட்டார் பாதி வேகத்துக்கு மேல் ஏற மறுத்தது. சுமை இழுக்க முடியாத எருது போல உறுமியது. தங்கக் கல்லை இடிக்கும் இரும்பு உலக்கைகள் ஏதோ துக்க வீட்டில் இடிப்பது போல விட்டுவிட்டு விழுந்தன. பிறகு ஃபியூஸ் போனது.

மோட்டாரை நிறுவிய பென்ரோஸ் துரை வந்தார். அதன் அச்சில் மூன்று செம்பு வளையங்கள் உண்டு. அவற்றின் மேல் கரித்துண்டுகள் உரசிக்கொண்டே இருக்கும். உள்ளே சுழலும் கம்பிச்சுற்றுக்கும் வெளியே மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார்ட்டருக்கும் அவ்வழியாகத்தான் தொடர்பு. துரை வளையங்களைப் பார்த்தார். பக்கத்தில் உலக்கைகளை ஓட்டும் பெல்ட் சக்கரத்தின் விளிம்பில் நான் வைத்த சந்தனப் பொட்டைப் பார்த்தார். வளையத்தில் சந்தனமும் எண்ணெயும் பட்டுக் கரண்டைத் தடுக்கிறது என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கே மில்லின் பெரிய துரை ஆட்கள் எல்லாரையும் கூட்டி உத்தரவு போட்டார். இனி மோட்டார் அறையில் பூஜை கிடையாது. சம்பங்கி திங்கட்கிழமை முதல் சுரங்கத்துக்குள் தள்ளுவண்டி தள்ளப் போக வேண்டும்.

சாயங்காலம் தம்பி பெண்சாதி கங்கம்மா குழாயடியிலிருந்து காலிக் குடத்தோடு திரும்பினாள். "சாமி கும்புட்டு மிசினக் கொன்ன வூடுன்றாளுங்க" என்றாள்.

பெட்டியிலிருந்து கோட்டை எடுத்துப் போட்டேன். தலைப்பாகையைக் கட்டினேன். மறுநாள் காலை மோட்டார் அறை வாசலில் போய் நின்றேன்.

மில் மேஸ்திரி ஜெயகரன்தான் துரைமாருக்கும் எங்களுக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்பவன். நாக்கு கொஞ்சம் நீளம்.

"இன்னாணா, கண்ணாலத்துக்கா கெளம்பிட்ட?"

"துரையப் பாக்கணும். சந்தனம் வளையத்துல பட்டதுன்னு அவரு எனக்குக் காட்டணும்."

"அவுரு சொன்னா சொன்னதுதான். உனக்கு வேற காட்டணுமா?"

"பேர் போனது எனக்கு. எனக்குத்தான் காட்டணும். மாத்திச் சொல்லு, போ."

ஜெயகரன் போய்ச் சொன்னான். பென்ரோஸ் துரை கோபிக்கவில்லை. உள்ளே வரச் சொன்னார். வெள்ளைத் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து மூன்று வளையங்களையும் என் எதிரிலேயே துடைத்தார். துணியில் கரிதான் வந்தது. சந்தனம் இல்லை, வாசனைகூட இல்லை.

"பூஜைக்கு முன்னாலயே நான் துணி சுத்தி மூடிட்டேன்" என்றான் சம்பங்கி. இரண்டு நாளாக இதையே சொல்லிக்கொண்டிருந்தான். கேட்பார்தான் இல்லை.

துடைத்த பிறகு ஓட்டிப் பார்த்தார்கள். அதே பாதி வேகம், அதே உறுமல். துரை தாடையைச் சொறிந்தார். பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். பாட்டரியும் மணியும் கொண்ட ஒரு பெட்டியை எடுத்தார். அதன் இரண்டு கம்பிகளை இரண்டு வளையங்களில் வைத்தால், உள்ளே கம்பிச்சுற்று அறுபடாமல் இருக்கும்வரை மணி அடிக்கும். மாற்றி மாற்றி வைத்தார். ஒவ்வொரு முறையும் மணி அடித்தது.

"உள்ள ஒண்ணும் கெடலயாம்" என்றான் ஜெயகரன். "அப்போ மறுபடியும் உங்க சந்தனந்தான்."

வெறும் மோட்டாரை ஒருதரம் ஓட்டி நிறுத்திவிட்டுத் துரை மறுபடி மணி வைத்தார். அப்போதும் அடித்தது. ஆனால் நான் மணியைக் கவனிக்கவில்லை. என் பொட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரம் வேகம் குறைந்து, முன்னும் பின்னும் ஆடி, நின்றது. பொட்டு உச்சியில் இருந்தது. முதல் தடவையும் உச்சியில்தான் இருந்தது.

"ஜெயகரா, துரையக் கேளு. சக்கரத்துக்கு ஒரு பக்கம் கனமா? எப்பவும் ஒரே எடத்துல வந்து நிக்குதே."

துரை தலையசைத்தார். சக்கரத்தை அச்சோடு இறுக்கும் இரும்புச் சாவி அடித்த பக்கம் கனம். அது கீழே வந்துவிடும்.

"அப்போ அவரு ஒரே நெலயிலதான் மணி வெச்சுப் பாத்துக்கிறாரு. நோவு ஓடுறப்போ வருது. என் எஞ்சின்ல வேகத்த அடக்கற கவர்னர் குண்டு நிக்கறப்போ தொங்கும், ஓடறப்போ விரிஞ்சிடும். இதுக்குள்ளயும் ஏதோ ஒண்ணு நிக்கறப்போ ஒட்டிக்கினு, ஓடறப்போ வெலகுது. கையால சுத்திக்கினே மணி வெக்கச் சொல்லு."

ஜெயகரன் பாதி சொல்வதற்குள் துரை எழுந்துவிட்டார். சம்பங்கியைச் சக்கரத்தைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, தாமே மண்டியிட்டு இரண்டு வளையங்களில் கம்பிகளை அழுத்திக்கொண்டார். சம்பங்கி மெல்லச் சுற்றினான். பொட்டு உச்சியிலிருந்து இறங்கியது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. பொட்டு பக்கவாட்டில் வந்தது. மணி அடித்தது. பொட்டு அடிக்கு வந்தது.

மணி நின்றது.

துரை கை காட்ட, சம்பங்கி இன்னும் கொஞ்சம் சுற்றினான். பொட்டு மேலேறியது, மணி மறுபடி பிடித்துக்கொண்டது. திரும்ப இறக்கினான். பொட்டு அடிக்கு வந்ததும் செத்தது. துரை வாய்விட்டுச் சிரித்தார். வேட்டையில் மிருகத்தின் தடம் கண்டவர் சிரிப்பு அது.

மூடியைக் கழற்றினார்கள். ஒரு வளையத்திலிருந்து கம்பிச்சுற்றுக்குப் போகும் செம்புப் பட்டை ஈயப்பற்று விட்டுப்போய் வெறுமனே சார்ந்து கிடந்தது; சக்கரம் திரும்பினால் விலகியது. மாதக்கணக்காக இரவும் பகலும் ஓடிய மில்லை நாங்கள் நிறுத்தியது பூஜையன்று மட்டும்தான். சூட்டில் இளகியிருந்த பற்று, ஆறி, மறுபடி கிளம்பிய அதிர்ச்சியில் விட்டிருக்கிறது என்றார் துரை. இன்னொன்றும் சொன்னார். அதை ஜெயகரன் குரலைத் தாழ்த்தி மாற்றிச் சொன்னான்.

"அந்தப் பத்து வெச்சது அவுரேதானாம்."

துரை சொல்லாமல் விட்டிருந்தால் எங்களுக்குத் தெரியப்போவதில்லை. அந்த மனிதன்மேல் எனக்கு அன்றைக்குத்தான் மரியாதை வந்தது.

பட்டையைப் புதிதாகப் பற்றவைத்து, கம்பியாலும் இறுக்கிக் கட்டினார்கள். மத்தியானம் பெல்ட்டை மாட்டினார்கள். சம்பங்கி ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் படிப்படியாகத் தள்ளினான். மோட்டார் பாதி வேகத்தைத் தொட்டது, தாண்டியது, உறுமலை விட்டுப் பாட ஆரம்பித்தது. ஐம்பது உலக்கைகளும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. தரை அதிர்ந்தது. அந்தச் சத்தம் லைன் வீடுகள் வரை போயிருக்கும், குழாயடிக்கும் சேர்த்து.

பெரிய துரை வந்து, சம்பங்கி வேலையில் இருக்கலாம், பூஜையும் வழக்கம்போல நடக்கலாம் என்றார்.

"எல்லாரையும் கூட்டி வெச்சுத்தான் பழி சொன்னாங்க" என்றேன். "எல்லாரையும் கூட்டி வெச்சே எடுக்கணும்."

ஜெயகரன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "வேல கெடச்சாச்சு, போதும்ணா."

"வேலைக்கு நான் கோட்டு போட்டுக்கினு வரல. சொல்லு."

சொன்னான். பெரிய துரையின் முகம் சிவந்தது. பென்ரோஸ் துரைதான் முன்னால் வந்தார். ஷிஃப்ட் மாறும் நேரத்தில், வேலை முடிந்தவனும் வேலைக்கு வந்தவனும் நிற்க, தொப்பியைக் கழற்றிக்கொண்டு குற்றம் தம்முடையது என்று சொன்னார். அந்த ஒரு பேச்சை மட்டும் ஜெயகரன் யாரும் கேட்காமலே இரண்டு தடவை, உரக்க மாற்றிச் சொன்னான்.

கிளம்பும்போது பென்ரோஸ் துரை சக்கரத்தைக் காட்டி ஏதோ கேட்டார்.

"பொட்டு அழிஞ்சா மறுபடி அதே எடத்துல வெக்கணுமாம்ணா. சோதனைக்கு அடையாளமா ஆவுமாம்."

"வெக்கறேன்" என்றேன். "சாமிக்கு வெக்கறேன். அடையாளம் வேணும்னா அவரு பாத்துக்கட்டும்."