புகைக்கூட்டைக் காட்டிக்கொடுத்தது யார்

தன் வீட்டுக்குள் என்ன இருக்கிறதென்று கவுன்சில்காரர்களுக்குத் தெரியாது என்றே ஆட்ரி கேப்ஸ்டிக் நம்பியிருந்தாள். பாதுகாக்க வேண்டிய பழைய கட்டிடங்களைப் பட்டியல் போட வந்த மனிதர் அந்தக் காலத்தில் மழைக்குப் பயந்து காரைவிட்டே இறங்கவில்லை. கல்தூண் வைத்துப் பிரித்த ஜன்னல்கள், கல்பலகை வேய்ந்த கூரை, வாசல் தலைக்கல்லில் செதுக்கிய 1684 என்று சாலையிலிருந்து தெரிந்ததை எல்லாம் குறித்துக்கொண்டு கார்ஸ்கில் பள்ளத்தாக்கின் அடுத்த பண்ணைக்குப் போய்விட்டார்.

சமையலறையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்ற புகைக்கூடு அவர் கண்ணில் படவே இல்லை. கவிழ்த்து வைத்த பெரிய புனல் மாதிரி அது அடுப்புக்கு மேலே தொடங்கும். மச்சைத் துளைத்துக்கொண்டு மாடிப் படுக்கையறை வழியாகக் குறுகிக் குறுகிக் கூரைக்கு ஏறும். குச்சிகளைப் பின்னிக் களிமண்ணும் வைக்கோலும் அப்பிச் சுண்ணாம்பு பூசியது. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் வாயைப் பிளப்பார்கள். மழை பெய்தால் அதிலிருந்து கரித்தண்ணீர் சொட்டும். ஆட்டுக்கறிக் குழம்பில் சொட்டும், துவைத்து மடித்த துணியில் சொட்டும், ஒரு கிறிஸ்துமஸுக்குப் பாதிரியாரின் வழுக்கைத் தலையிலும் சொட்டியது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆட்ரி அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வசந்தத்தில் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கொத்தனார் நீல் ஹெஸ்கெத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இதை அடியோட எடுத்துடு நீல். நேரா ஒரு சுவர், நல்லதா ஒரு எலெக்ட்ரிக் அடுப்பு. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"பட்டியல்ல இருக்கிற வீடாச்சே?" நீல் தலையைச் சொறிந்தான்.

"வெளிப்பக்கம்தானே பட்டியல்ல இருக்கு? உள்ள இருக்கிறது யாருக்குத் தெரியும்?"

அது சரியில்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும். ஆனாலும் நீல் கீழே நின்றபடியே அளவெடுத்துக்கொண்டு போனான். ஆட்ரி கணவர் பக்கம் திரும்பினாள். வில்ஃப் டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "உன் இஷ்டம்" என்றார். எதற்கும் அவர் அதைத்தான் சொல்வார்.

இடிக்கும் வேலை தொடங்க இருந்த வாரம், கவுன்சிலின் வெள்ளைக் கார் வாசலில் வந்து நின்றது. கையில் டார்ச்சோடு இறங்கிய பெண் தன் பெயர் ஷீனா ஃபென்விக் என்றாள். மரியாதையாகத்தான் பேசினாள். ஆனால் சமையலறையில் அதிக நேரம் நிற்காமல் நேரே மாடிக்கு வழி கேட்டாள்.

படுக்கையறையில், சாய்ந்து ஏறும் அந்தப் புகைக்கூட்டுச் சுவரை ஒட்டித் துணி அலமாரி நின்றது.

"இதைக் கொஞ்சம் நகர்த்தலாங்களா? பின்னாடி பூச்சு உதிர்ந்து உள்ள இருக்கிற குச்சி தெரியுதாமே."

"அப்படி யாரு சொன்னா?"

"சொன்னாங்க."

"யாருன்னு கேக்கறேன்."

"அதை நான் சொல்லக்கூடாதுங்க."

இருவரும் சேர்ந்து அலமாரியைத் தள்ளினார்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை. அதற்குள்ளே, பட்டைகூட உரிக்காத குச்சிகள் வரிசையாகத் தெரிந்தன. ஆட்ரியே அதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தாள். ஷீனா டார்ச்சை அதற்குள் அடித்துப் பார்த்தாள்.

"இவ்வளவு முழுசா நிக்கிறதை நான் பார்த்ததே இல்லங்க. உள்ள இருக்கிறதும் சட்டப்படி பாதுகாப்புல வருது. இதை இடிச்சா வழக்குதான்."

கார் மலையேறி மறையும்வரை ஆட்ரி வாசலிலேயே நின்றாள். புகைக்கூடு போகாதே என்ற வருத்தத்தைவிட, யார் என்ற கேள்விதான் அவளைப் பிடுங்கித் தின்றது. அலமாரிக்குப் பின்னால் இருக்கிறதையே சொல்கிற ஆள் யார்?

நீலாக இருக்காது. தன் கூலியைத் தானே கெடுத்துக்கொள்வானா? அவன் மாடி ஏறவும் இல்லை. தபால்காரர் வாசலைத் தாண்டியதில்லை. கணவரின் தங்கை மேவிஸ் அந்த அறையில் ஒருமுறை படுத்திருக்கிறாள், ஆனால் அவளுக்குத் தன் மூக்குக்கண்ணாடி இருக்கும் இடமே தெரியாது. யோசிக்க யோசிக்க ஒரு முகம்தான் மிஞ்சியது. டோரின் ரா. அடுத்த பண்ணை, பழைய சிநேகிதி. படுக்கையறைச் சுவருக்குப் பூப்போட்ட காகிதம் ஒட்டியது அவள்தான். வாசலுக்குக் கண்ணாடி முகப்பு வைக்க அவள் கேட்டதற்குக் கவுன்சில் முடியாது என்று சொல்லிவிட்டது. தனக்குக் கிடைக்காதது அடுத்தவளுக்குக் கிடைக்கலாமா என்று நினைத்திருப்பாள்.

அப்படி நினைத்ததும் எல்லாமே பொருந்தி வந்தது. கவுன்சில் கார் போன அன்று டோரின் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். மறுநாள் வேலியருகே, "யாரு, விருந்தாளியா?" என்று கேட்டாள். ஒன்றும் தெரியாதவள் மாதிரி! ஆட்ரி முட்டை கொடுத்தனுப்புவதை நிறுத்தினாள். சாலையில் எதிரே வந்தால் ஆட்டைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டாள். வில்ஃபிடம் புலம்பினால் அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை, சேப்பல் என்கிற சின்ன தேவாலயத்தின் கூடத்தில் காப்பி கூட்டம். வெண்ணெய் தடவித் தின்னும் ஸ்கோன் ரொட்டித் தட்டை நீட்டியபடி டோரின் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னடி, ஒரு வாரமா மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருக்க? நான் என்ன பண்ணேன்?"

"நீ பண்ணதை நீயே சொல்லேன். போன்ல சொன்னியா, இல்ல நேரா கவுன்சிலுக்கே போனியா?"

டோரின் கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது. மற்ற மேசைகளில் பேச்சு அடங்கியது.

"என்ன உளர்ற?"

"என் படுக்கையறை அலமாரிக்குப் பின்னாடி ஓட்டை இருக்குன்னு உன்னை விட்டா எவளுக்குத் தெரியும்? காகிதம் ஒட்டினது நீதானே!"

"ஆமாம்டி, ஒட்டினேன்!" டோரின் எழுந்துவிட்டாள். "அந்தச் சுவர் முழுக்க ஒட்டினேன். ஒரு கீறல்கூட இல்ல. உன் ஓட்டை எப்ப வந்துச்சுன்னு உன் வீட்டுல கேளு. என்கிட்ட கேக்காத."

கோட்டுக்குக்கூடப் பொத்தான் போடாமல் அவள் வெளியே போனாள். ஒருவரும் ஆட்ரியைப் பார்க்கவில்லை. எல்லோரும் சட்டென்று வெண்ணெய் தடவுவதில் மும்முரமானார்கள்.

வீட்டுக்கு நடந்து போகும்போது கோபம் பாதி வழிவரைதான் துணைக்கு வந்தது. டோரின் ஒட்டியபோது சுவர் முழுசாக இருந்திருக்கிறது. ஓட்டை அப்புறம்தான் விழுந்திருக்கிறது. அந்த வீட்டிலேயே கிடக்கும் தனக்கே தெரியாத ஓட்டை அது. அப்படியென்றால் அலமாரியைக் கடைசியாக நகர்த்தியது யார்? பனிக்காலத்தில் படுக்கையறையில் செத்த எலி நாற்றம். அவள் மேவிஸ் வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது நாற்றம் இல்லை. "எடுத்துட்டேன்" என்று வில்ஃப் சொன்னார்.

ஆட்ரி நின்றாள். பிறகு வேகமாக நடந்தாள்.

வில்ஃப் பட்டியில் ஓர் ஆட்டை மல்லாத்திப் பிடித்துக் குளம்பு வெட்டிக்கொண்டிருந்தார்.

"நீயா?"

அவர் நிமிரவில்லை. கத்தரி மட்டும் நின்றது.

"தீவனம் வாங்கப் போனப்ப, அப்படியே கவுன்சில் ஆபீஸுக்குள்ள போய்ச் சொல்லிட்டு வந்தேன்."

"எதுக்கு? என்கிட்ட சொல்ல வாய் இல்லையா உனக்கு? வேண்டாம்னு ஒரு வார்த்தை?"

"நீ முடிவு பண்ணிட்டா நான் என்னிக்கு வேண்டாம்னு சொல்லியிருக்கேன்? கவுன்சில் சொன்னா நீ கேட்டுக்குவ. நான் சொன்னா சண்டை."

"அந்தக் கரி பிடிச்ச சனியன் மேல உனக்கு என்னய்யா அவ்வளவு ஆசை?"

அவர் முகம் சிவந்தது. ஆட்டை விட்டுவிட்டார். அது துள்ளி ஓடியது.

"காலையில எழுந்ததும் என் முதுகு நிமிராது. மாடியில அந்தச் சுவர் சூடா இருக்கும். பத்து நிமிஷம் சாஞ்சு நின்னாத்தான் என்னால பூட்ஸே போட முடியுது."

அவள் விடிவதற்கு முன்பே கீழே அடுப்பு மூட்ட இறங்கிவிடுவாள். மேலே அவர் என்ன செய்கிறார் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அது மனதைத் தொட்டது, அதனாலேயே கோபம் இன்னும் கூடியது.

"உன் முதுகுக்காக டோரினை ஊர் முன்னாடி நாற அடிச்சிட்டேன். ஒரு வாரமா அவ பேரைச் சொல்லிப் புலம்பினேனே, பேப்பருக்குப் பின்னாடி ஒளிஞ்சிட்டுக் கேட்டுட்டிருந்தியா?"

அன்று அவர் ஆறின குழம்பைத் தனியாகச் சாப்பிட்டார்.

மாலையில் ஆட்ரி டோரின் வீட்டுக் கதவைத் தட்டினாள். டோரின் கதவைப் பாதிதான் திறந்தாள். ஆட்ரி நடந்ததை ஒளிக்காமல் சொல்லி முடித்தாள்.

"வில்ஃபா?" டோரினுக்குச் சிரிப்பு வந்தது போலிருந்தது. வரவில்லை. "அவன் பண்ணதை விடு. நான் பண்ணியிருப்பேன்னு நீ எவ்வளவு சீக்கிரம் நம்பிட்ட, ஆட்ரி."

"மன்னிச்சிடுடி."

"பாக்கலாம்."

கதவு மூடிக்கொண்டது. அறைந்து சாத்தவில்லை என்பதுதான் ஆட்ரிக்குக் கொஞ்சம் ஆறுதல்.

கோடையில் கவுன்சில் அனுமதியோடு நீல் புகைக்கூட்டின் உச்சிக்கு மழை இறங்காதபடி ஒரு கல்மூடி வைத்தான். பின்பக்கப் பால் அறையில் புது அடுப்பு வந்தது. அதற்கு வெகு முன்பே, சண்டைக்கு அடுத்த சனிக்கிழமை, வில்ஃப் சேப்பல் கூடத்துக்கே வந்து, தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, நான்தான் சொன்னேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பெண்கள் சிரித்தார்கள். டோரினும் சிரித்தாள். ஆனால் அவள் உட்கார்ந்தது வேறு மேசையில். இலையுதிர்காலம் வரை அங்கேயேதான் உட்கார்ந்தாள்.