எட்டு நல்ல பீஸ்

மரக்குச்சியால் தட்டினேன். டொக் என்றது. காதைக் கிட்டே கொண்டுபோய் இன்னொரு முறை தட்டினேன். அப்போதும் டொக். சூளையிலிருந்து இறங்கிய பீங்கான் நல்லதென்றால், தட்டியதும் ணங்கென்று நீளமாகப் பாடும். உள்ளே மயிரிழை வெடிப்பு இருந்தால் டொக்கென்று அடைத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு காதுக்குத் தெரிந்துவிடும். கரண்டுக் கம்பியைத் தாங்கும் பீங்கான் உருளைகளை அப்படித் தட்டித் தட்டிப் பிரிப்பதுதான் கம்பெனியில் என் வேலை. டொக் பீஸ் என்றால் சிவப்புச் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுப் பின்பக்கக் குவியலில் எறிய வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் குறி போடவில்லை. வைக்கோல் பரப்பிய பெட்டியில் நல்ல பீஸ்களோடு அதையும் படுக்கவைத்து, மேலே ஒரு பிடி வைக்கோலை இழுத்துவிட்டேன். கை நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.

எழுபத்து நாலாம் வருடம். எனக்கு இருபது வயது. பேர் பழமலை. விருத்தாசலத்தில் தெருவுக்கு நாலு பழமலை உண்டு என்பதால் கம்பெனியில் என்னைக் ‘காது’ பழமலை என்பார்கள். கேலிக்கு வைத்த பேர்தான், ஆனால் எனக்கு உள்ளூர அதில் பெருமை. ஃபோர்மேன் சக்கரபாணி மற்றவர்கள் கட்டிய பெட்டியைப் பிரித்து நாலைந்தையாவது மறுபடி தட்டிப் பார்ப்பார். என் பெட்டியைத் தொடமாட்டார். பெட்டியின் பக்கவாட்டில் நான் அழியாத காப்பியிங் பென்சிலால் போடும் ‘ப’ அவருக்குப் போதும்.

எல்லாவற்றுக்கும் ஜெயராஜ்தான் ஆரம்பம். ரயில்வே காலனியில் கார்டு வீட்டுப் பிள்ளை. மெட்ராஸில் பி.யூ.சி. படிக்கப்போய், கோட்டைவிட்டு, ஒரு கிட்டாரோடு திரும்பி வந்தான். அவன் அப்பா அவனோடு ஆறு மாதம் பேசவில்லை. அவன் அதை லட்சியம் பண்ணவும் இல்லை. ஜங்ஷன் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த பக்கிரி கல்யாண ஊர்வல பேண்டில் டிரம் வாசிக்கிறவன். ஜெயராஜ் கிட்டாரை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போய், சிலோன் ரேடியோவில் கேட்ட இங்கிலீஷ் பாட்டுகளை வாசிக்க, பக்கிரி கழற்றிப் போட்ட மட்காடிலும் எண்ணெய் டின்னிலும் தாளம் போட, நான் பக்கத்தில் குந்திக்கொண்டு வாயைப் பிளந்து பார்ப்பேன். ஒருநாள் ஜெயராஜ், “நாம ஒரு ராக் பேண்டு ஆரம்பிக்கலாம்டா” என்றான். அந்த ‘நாம’வில் நான் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு வாசிக்க ஒன்றும் தெரியாது. பாட வராது. அன்று ராத்திரி முழுக்க அந்த ஒரு வார்த்தையைத்தான் புரட்டிக்கொண்டு கிடந்தேன்.

மறுநாள் கம்பெனியில் தட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பீஸ், ஜெயராஜ் கிட்டாரின் மேல் கம்பி பாடுகிற அதே சுரத்தில் பாடியது. எங்களிடம் மூன்று அளவில் உருளை உண்டு. சூளையில் எந்த இடத்தில் எவ்வளவு வெந்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றும் ஒரு குரலில் ஒலிக்கும். இத்தனை நாளாக ணங்கா டொக்கா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த காது, அன்றைக்கு சுரம் கேட்க ஆரம்பித்தது. எட்டு பீஸ் இருந்தால் எட்டு சுரம். கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டுத் துணி சுற்றிய குச்சியால் தட்டினால் அதுதான் என் வாத்தியம்.

நல்ல பீஸை வெளியே எடுத்துப் போனால் திருட்டு, அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். குவியலில் கிடப்பதை மட்டும் யாரும் எடுக்கலாம். பாதிப்பேர் வீட்டில் கதவுக்கு முட்டுக் கொடுத்திருப்பது எங்கள் டொக் பீஸ்தான். ஆகவே நல்ல பீஸுக்குச் சிவப்புக் குறி போட்டுக் குவியலில் எறிந்துவிட்டு, சாயந்திரம் போகிறபோது பொறுக்கிக்கொண்டேன். ஆனால் அந்த மாதம் குவியல் உயர்கிறதென்று முதலாளி சத்தம் போட்டிருந்தார். இன்னும் ஏறினால் சக்கரபாணி வந்து கிளறித் தட்டிப் பார்ப்பார். அதனால் ஒரு நல்ல பீஸ் குவியலுக்குப் போனால், ஒரு டொக் பீஸ் பெட்டிக்குப் போயிற்று. மூன்று வாரத்தில் எட்டு. எங்கேயோ ஏதோ ஊரில் எவன் தலைக்கு மேலோ தொங்கப் போகிறது என்று நினைத்தேன். அந்த எவனோ ஒருவனின் முகம் எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில், இறக்கி ஆறவிட்ட பெரிய சூளைக்குள் உட்கார்ந்து பழகினோம். வாட்ச்மேனுக்கு ஜெயராஜ் சிகரெட் வாங்கிக் கொடுப்பான். செங்கல்லில் இன்னும் சூடு இருக்கும், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். முதல் முறை நான் எட்டையும் வரிசையாகத் தட்டியபோது அந்த ஒலி சூளையின் வளைவில் ஏறிச் சுற்றி எங்கள் தலைமேலேயே இறங்கியது. ஜெயராஜ் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டான்.

“டேய், மெட்ராஸ்ல எவங்கிட்டயும் இது இல்லடா. இதாண்டா நம்ம சவுண்டு.”

பக்கிரி மட்டும் ஒரு பீஸைத் திருப்பிப் பார்த்துச் சிவப்புக் குறியைத் தேய்த்தான். “ரிஜக்ட்டுன்ற. இவ்ளோ நல்லா பாடுது?”

“சில ரிஜக்ட்டு அப்படித்தான்” என்றேன். அவன் சைக்கிள் கடைக்காரன், மேலே கேட்கவில்லை. பேண்டுக்கு ‘இடி பிரதர்ஸ்’ என்று பேர் வைத்து டிரம்மின் முகத்தில் அவனே பெயிண்டால் எழுதினான்.

ஆயுத பூஜைக்குக் கம்பெனித் திடலில் வாசிக்கச் சக்கரபாணியே முதலாளியிடம் பேசி அனுமதி வாங்கிக்கொடுத்தார். “நம்ம பையன் நம்ம பீங்கான்லயே வாசிக்கிறான் மொதலாளி, கேளுங்க” என்று சொன்னாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பூஜைக்கு நாலு நாள் முன்னால் திடலில் விளக்குக்காக ஆறு இரும்பு போஸ்டு நட்டு, உச்சியில் பீங்கான் பொருத்திக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் போகிறபோது முதல் போஸ்டின் அடியில் காலிப் பெட்டி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. பக்கவாட்டில் ‘ப’. அங்கேயே நின்றுவிட்டேன்.

சக்கரபாணி அங்கேதான் நின்றிருந்தார். “என்னாடா பாக்கற? உன் பொட்டிதான். நம்ம சரக்க நம்மளே போடலன்னா எப்பிடி? நீ பாத்ததுன்னா நான் திருப்பிப் பாக்கறதில்ல, தெரியுமில்ல.”

“அண்ணே, அந்தப் பொட்டில...”

“என்னா?”

அவர் முகத்தைப் பார்த்தேன். சிரித்த முகம். சொன்னால் வேலை போகும், திருடன் என்பார்கள், எட்டு பீங்கானையும் பிடுங்கிக்கொள்வார்கள், நாலு நாளில் மேடை ஏற வேண்டிய பேண்டு ஏறாது. இத்தனையும் ஒரு மூச்சில் மனதில் ஓடிற்று.

“ஒண்ணுமில்லண்ணே. வைக்கல் ஈரமா இருந்துது.”

“அதுக்கு ஏன்டா பேயறஞ்சவன் மாதிரி நிக்கிற? போயி சாப்புடு.”

மழை பெய்யாதவரை வெடித்த பீங்கான் ஒன்றும் செய்யாது. வெடிப்புக்குள் ஈரம் இறங்கினால்தான் கரண்டு வழி தேடி இரும்புக்கு வரும். இது எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சக்கரபாணி சொல்லிக்கொடுத்ததே இதுதான். என் பெட்டிகளில் கலந்த எட்டில் இந்தப் பெட்டியில் எத்தனை இருந்தது, மேலே போனதில் எது என்று எனக்கே தெரியாது. எல்லாம் வெள்ளை வெளேரென்று ஒரே மாதிரி மினுங்கின. ஒருவேளை ஒன்றுகூட ஏறவில்லையோ என்னவோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பூஜைக்கு இரண்டு நாள் முன்பு, விளக்கு எரிகிறதா என்று பார்க்கக் கரண்டு விட்டார்கள். சாயந்திரம் சின்னத் தூறல். மண் சலிக்கும் பெரியம்மாள் தன் ஆட்டை மூன்றாவது போஸ்டில் கட்டிவிட்டுப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது ஆடு காலை விறைத்துக்கொண்டு கிடந்தது. அதற்குள் தூறல் நின்று, விளக்கையும் அணைத்திருந்தார்கள். குவியலில் பாம்பு அடைகிறது, தீண்டியிருக்கும் என்று எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். நானும் அங்கே நின்று தலையாட்டினேன்.

பெரியம்மாள் மட்டும் ஆட்டின் வாயை விரலால் பிளந்து பார்த்தாள். “பாம்பு கடிச்சா நொர தள்ளும். இதுக்கு ஒண்ணும் இல்லியே” என்றாள். யாருக்கென்று இல்லாமல் சொன்னாள், ஆனால் அந்தச் சமயத்தில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். கச்சேரி முடிந்த மறு நிமிஷம் சக்கரபாணி காலில் விழுந்து சொல்லிவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். இரண்டே நாள்தானே. வானமும் அன்றிரவே வெளுத்துவிட்டது.

மேடையை மூன்றாவது போஸ்டை ஒட்டியே போட்டார்கள். விளக்கு வெளிச்சம் நேராக விழும் என்று சக்கரபாணிதான் இடம் பார்த்தார். நெஞ்சு உயரத்துக்குச் செங்கல் அடுக்கி மேலே பலகை. படி கிடையாது. போஸ்டைப் பிடித்துக்கொண்டு ஒரு எம்பு எம்பி ஏற வேண்டும். காலையிலிருந்து பத்துப் பேராவது அப்படி ஏறி இறங்கியிருப்பார்கள். கரண்டு விடவில்லை, மழையும் இல்லை என்று தெரிந்தும் ஒவ்வொருவர் ஏறும்போதும் எனக்கு உயிர் போய்ப் போய் வந்தது. மெஷின், அரைவை உருளை, தள்ளுவண்டி என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த சக்கரபாணி, ஆறு போஸ்டுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்துவிட்டுப் போனார். பூஜை என்பதால் திடலில் யார் காலிலும் செருப்பு இல்லை.

சாயந்திரம் அஞ்சு மணிக்கு விளக்கைப் போட்டார்கள். பொரியும் கடலையும் கையில் வைத்துக்கொண்டு கம்பெனி மொத்தமும் உட்கார்ந்திருந்தது. பெரியம்மாள் முதல் வரிசையில் இருந்தாள். நான் மேடையில் எட்டு பீங்கானையும் சட்டத்தில் கட்டிக்கொண்டிருந்தேன். பக்கிரி டிரம்மை வைத்து உட்கார்ந்துவிட்டான். அப்போது கிழக்கே, கம்மாபுரம் பக்கமிருந்து கருத்து வந்த மேகம் சொல்லாமல் கொள்ளாமல் கொட்டியது. ஜனம் ஷெட்டுக்கு ஓடியது. நானும் பக்கிரியும் தார்ப்பாயை இழுத்து எங்கள்மேலும் டிரம்மின்மேலும் போட்டுக்கொண்டோம். பத்து நிமிஷம்தான். விட்டதும், “வாடா வாடா, ஆரம்பிங்க” என்று எல்லாரும் கைதட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

நான் தார்ப்பாயை விலக்கினேன். தலைக்கு மேலே, போஸ்டின் உச்சியில், ஒரு சத்தம் கேட்டது. சூடான தோசைக்கல்லில் நீர் தெளித்தால் வருமே, அந்தச் சீறல், ரொம்பச் சின்னதாக. பக்கிரிக்குக் கேட்கவில்லை. திடலில் இருந்த இருநூறு பேரில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

கீழே ஜெயராஜ் வந்து நின்றான். சட்டையைக் கழற்றிக் கிட்டாரின்மேல் சுற்றி நனையாமல் காப்பாற்றியிருந்தான், அவன்தான் தொப்பலாக நனைந்திருந்தான். முகமெல்லாம் சிரிப்பு. ஷெட்டு ஓரத்தில் அவன் அப்பா, கார்டு உடுப்பைக்கூட மாற்றாமல் வந்து நின்றிருந்தார்.

“அப்பா வந்திருக்குறாருடா. புடி” என்று கிட்டாரை மேலே நீட்டினான். அதன் கழுத்தை நான் பிடித்துக்கொண்டேன். அவன் ஒரு கையைக் கிட்டாரின் அடியில் வைத்தபடியே மறு கையைப் போஸ்டுக்கு உயர்த்தினான்.

“ஜெயராஜ்.”

“என்னா?”

கை நடுவில் நின்றது. கரண்டு என்ற ஒரு சொல் போதும். அது என் தொண்டை வரைக்கும் வந்தது. உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வியும் கூடவே வந்தது. அவன் எனக்காகக் காத்திருக்கவில்லை, கையை நீட்டினான். நான் கிட்டாரை விட்டுவிட்டேன்.

ஐயோ என்று அவன் இரண்டு கையாலும் பாய்ந்தான். பிடி கிடைக்கவில்லை. கிட்டார் செங்கல் விளிம்பில் மோதிக் கழுத்து ஒடிந்து சேற்றில் விழுந்தது. கம்பிகள் கொஞ்சநேரம் தானாக ஒலித்து நின்றன. ஜெயராஜ் முட்டிபோட்டு உட்கார்ந்து இரண்டு துண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“ஏண்டா?” என்று மட்டும் கேட்டான். அப்படி ஒரு குரலை அவனிடம் நான் கேட்டதே இல்லை.

“என்னாடா பண்ண நீ?” என்று பக்கிரி பின்னாலிருந்து என் தோளை உலுக்கினான். ஜெயராஜ் உயிரைக் காப்பாற்றிவிட்டேன், இனி ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்று, சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி நிம்மதியாகக்கூட இருந்தது.

சக்கரபாணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். என்னிடம் அதுவரை ஒரு நாளும் கோபப்படாத மனிதர்.

“மொதலாளி முன்னாடி உன்ன நம்பி நிறுத்தனனே, வேணும்னேதானடா போட்ட? நான் பாத்தேன். எறங்குடா கீழ.”

நான் அசையவில்லை.

“இரு, நானே வரேன்.”

வேட்டியை மடித்துக் கட்டினார். வெறுங்கால் சேற்றில் கணுக்கால் வரை புதைந்திருந்தது. மேலே சீறல் நிற்கவே இல்லை. காலையில் அவரே வைத்த சந்தனமும் குங்குமமும் மழையில் கரைந்து போஸ்டில் சிவப்பாக வழிந்துகொண்டிருந்தன. “அண்ணே” என்று வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்தபடியே போஸ்டைப் பிடிக்கக் கையை உயர்த்தினார். ஈரக் கைக்கும் வழிகிற குங்குமத்துக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.